பாயைவிட்டு எழும் அந்த முதல் அடி

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்களில் பலர் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார்கள். ராஜகோபுரத்தில் கிளம்பி, அக்னி லிங்கம், ரமணாசிரமம், எமலிங்கம் என்று செங்கம் சாலையில் போய், வலப்பக்கம் திரும்பி, அடி அண்ணாமலை தாண்டி, குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் வழியாக மலையைச் சுற்றிக் கிரிவலம் முடித்து ஊருக்குள் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மொத்தம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். சாதாரண நடையில் ஏறக்குறைய 20,000 அடி. ஒவ்வொரு குதிகாலும் தார்ச்சாலையிலும் சிமெண்ட் நடைபாதையிலும் 10,000 தடவை ஊன்றி எழுகிறது.

பெரும்பாலோருக்கு அது வெறும் அசதி. வெந்நீரில் காலை வைத்து இரண்டு நாள் தூங்கி எழுந்தால் போய்விடும். சிலருக்கு மட்டும் போகாது. அடுத்த பௌர்ணமி வந்த பிறகும், தினமும் காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று ஒரு வலி உயிரைப் பிடுங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தால் குறையும். அதனால்தான் பலரும் இதை மருத்துவரிடம் கொண்டுபோகாமல் மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். வலி காலையில் வந்து காலையிலேயே போய்விடுகிறதே, இதற்குப் போய் எதற்கு வரிசையில் நிற்பது என்ற எண்ணம்.

கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கும் இதே கதைதான். இவ்வளவுக்கும் அவர் மலை சுற்றி வருஷக்கணக்காகிறது. அவருடைய நடை எல்லாம் பாய்லருக்கும் கல்லாவுக்கும் நடுவில் உள்ள நாலடி சிமெண்ட் தரையில்தான்.

"தம்பி, காலையில எழுந்து கால ஊன முடியல. உசுரு போவுது. நடக்க நடக்க சரியாயிடுது. மத்தியானம் செத்த நேரம் குந்திட்டு எழுந்தா மறுபடியும் அதே கததான்" என்றார். மகன் ஃபோனில் ஆர்டர் போட்டு ஒரு பொருளை வாங்கிக் கொடுத்திருக்கிறான். டப்பாவைத் திறந்து காட்டினார். பூட்ஸ் மாதிரி கருப்பாக ஒரு கூடு; குறுக்கே மூன்று ஒட்டுப்பட்டைகள். "ராத்திரி இத கட்டிக்கிட்டுத் தூங்கணுமாம். வலி பகல்ல வருது, இத ராத்திரி கட்டி என்னாத்துக்கு?"

நியாயமான கேள்வி. நைட் ஸ்ப்ளின்ட் என்ற இந்த இரவுக் கட்டை வாங்கியவர்களில் பலர் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் சொல்வதில்லை, டப்பாவில் இருக்கும் காகிதம் தமிழில் இருப்பதில்லை. அதனால் இரண்டு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசினோம்.

"அக்கா, செருப்பக் கழட்டிட்டு பெஞ்சுல குந்துங்க. வலிக்கிற காலைத் தூக்கி இந்தத் தொடை மேல போடுங்க. ஒரு கையால கால்கட்டைவிரலப் புடிச்சு முன்கால் பக்கமா நல்லா மடக்குங்க. இன்னொரு கையால உள்ளங்கால் நடுவுல தடவிப் பாருங்க."

தடவினார். "கயிறு மாதிரி ஒன்னு விறைக்குதே, நரம்பா?"

நம் ஊரில் இழுத்துப் பிடிப்பது எல்லாமே நரம்புதான். இது நரம்பு கிடையாது, உள்ளங்கால் சவ்வு. மருத்துவர்கள் பிளாண்டார் ஃபேசியா என்பார்கள். குதிகால் எலும்பின் அடியில் உள்பக்கமாகப் புறப்பட்டு, விசிறிபோல் விரிந்து ஐந்து விரல்களின் அடிவாரத்திலும் போய்ச் சேருகிறது. பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சவ்வு அதன் நாண். நாம் அடி எடுத்து வைத்துக் குதிகாலைத் தூக்கும்போது விரல்கள் மடங்குகின்றன, நாண் இழுபடுகிறது, வளைவு உயர்ந்து பாதம் விறைப்பாகிறது. அந்த விறைப்பு இல்லாவிட்டால் உடம்பை முன்னால் தள்ள முடியாது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்த இயக்கத்தைத் தெளிவாக எழுதிவைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரலை மடக்கியபோது அக்கா கைக்குத் தட்டுப்பட்டது அதேதான்.

"இப்ப அந்தக் கயிறைப் புடிச்சிக்கிட்டே குதிகால் பக்கம் வாங்க. உள்பக்கம், எலும்பு தொடங்குற எடத்துல கட்டைவிரலால அமுக்குங்க."

அமுக்கினார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சவ்வு எலும்போடு சேரும் அந்த முனைதான் நோவின் இருப்பிடம். காலையின் முதல் அடியில் வலி, இந்த இடத்தில் அமுக்கினால் வலி: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் ஸ்கேன் எதுவும் எடுக்காமலே சொல்லிவிடுவார்.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் ஒரு பயத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள். "குதிகால்ல முள்ளு வளந்திருக்காம்." படத்தில் எலும்பு முனை கொக்கிபோல் நீண்டிருப்பது உண்மைதான். ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலிலும் அதே முள் இருக்கிறது. முள் இருந்தபடியே வலி மட்டும் முழுதாகப் போனவர்களும் ஏராளம். அதை வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு தவறான எண்ணம், இது வீக்கத்தால் வரும் நோய், மாத்திரை போட்டால் வற்றிவிடும் என்பது. 2003-இல் லெமான்ட் என்ற அமெரிக்கப் பாத மருத்துவரும் அவருடைய சகாக்களும், நாள்பட்ட குதிகால் வலிக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 50 நேர்வுகளின் சவ்வுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அவர்கள் கண்டது அழற்சியை விட நைவுதான். தேய்ந்து இழை பிரிந்த சவ்வு. வலி மாத்திரை அன்றைய பொழுதை ஓட்ட உதவும். நைந்துபோன இழையைப் பின்னித் தராது. நைந்தது சேர வேண்டும் என்றால் அதற்குச் சரியான இழுவையும் காலமும் வேண்டும்.

இங்கேதான் ராத்திரி வருகிறது.

தூங்கும்போது உங்கள் பாதம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் முன்பாதம் கீழே சாய்ந்து விரல்கள் சுவரைக் காட்டும். மேலே போர்வை இருந்தால் இன்னும் சாயும். குப்புறப் படுத்தால் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் பின்னங்கால் ஆடுதசையும் குதிநாணும் சுருங்கி இருக்கும், உள்ளங்கால் சவ்வும் தொய்ந்து இருக்கும். ஆறேழு மணி நேரம் அப்படியே கிடக்கும் சவ்வு, சுருங்கின நீளத்திலேயே இறுகிக்கொள்கிறது. விடியற்காலையில் எழுந்து மொத்த உடம்பின் கனத்தையும் ஒரே அடியில் அதன் மேல் இறக்குகிறோம். சுருங்கிக் கிடந்தது ஒரு நொடியில் நீள வேண்டும். நைந்த இடத்தில் மறுபடியும் பிய்கிறது. அந்தச் சுருக் வலி இதுதான். பத்தடி நடந்தபின் சவ்வு நீண்டு கொடுக்கிறது, வலி குறைகிறது. மத்தியானம் உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் வருவதும் இதே காரணத்தால்தான். பகலில் கொஞ்சம் சேர்ந்தது, ராத்திரி சுருங்கி, காலையில் பிரிகிறது. இப்படியே மாதக்கணக்கில் ஓடுகிறது.

நைட் ஸ்ப்ளின்ட் செய்வது ஒரே ஒரு காரியம். தூங்கும் நேரம் முழுவதும் பாதத்தைக் கீழே சாயவிடாமல் முன்காலுக்குச் செங்கோணத்தில், அதாவது 90 பாகையில், நிறுத்தி வைக்கிறது. சவ்வும் ஆடுதசையும் நீண்ட நிலையிலேயே இரவைக் கழிக்கின்றன. காலையில் முதல் அடி வைக்கும்போது புதிதாக நீள வேண்டியது ஒன்றும் இருப்பதில்லை. வலி பகலில் வந்தாலும் அது தயாராவது ராத்திரியில். அதனால்தான் கட்டும் ராத்திரியில்.

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "அப்போ நல்லா இறுக்கி மேல தூக்கிக் கட்டுனா சீக்கிரம் சரியாயிடுமா?"

இதைச் செய்யவே கூடாது. வேலூர் பக்கமும் சென்னையிலும் இதை எழுதிக் கொடுக்கும் எலும்பு மருத்துவர்கள் வலியுறுத்துவது இதைத்தான்: செங்கோணம் போதும், தாங்கினால் பிறகு ஐந்து பாகை வரை போகலாம். அதற்கு மேல் இழுத்தால் நடுராத்திரியில் கால் மரத்துப்போகும், ஆடுதசை குரக்களி பிடிக்கும், தூக்கத்திலேயே பிய்த்து எறிந்துவிடுவீர்கள்.

கடையில் இரண்டு மூன்று வகை கிடைக்கும். அக்காவிடம் இருந்தது பின்பக்கம் தாங்கும் வகை. கெண்டைக்கால், குதிகால், உள்ளங்கால் மூன்றையும் கூடுபோல் ஏந்திக்கொள்ளும். பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் கனம். கத்திரி வெயில் நாளில் வேர்த்துக் கொட்டும். இன்னொன்று முன்பக்கத் தகடு உள்ளது. முன்காலிலும் புறங்காலிலும் படிந்து பாதத்தை மேலே தூக்கிப் பிடிக்கும், உள்ளங்கால் திறந்திருக்கும். பாயில் படுப்பவர்களுக்கும் வேர்வை அதிகம் உள்ளவர்களுக்கும் இதைத்தான் நான் சொல்வேன். மூன்றாவது, முழங்கால் வரை வரும் சாக்ஸ். விரல் நுனியில் இருக்கும் பட்டையை முழங்காலுக்குக் கீழே கொண்டுவந்து மாட்டுவது. லேசானது, ஆனால் விரல்களை மட்டும் அதிகமாக இழுத்து நோகவைத்துவிடும். வாங்கப் பணம் இல்லை என்றாலும் வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவிலோ இயன்முறைச் சிகிச்சைப் பிரிவிலோ கேட்டுப் பாருங்கள். மாவுக்கட்டுப் பொருளில் பின்பக்கம் மட்டும் ஒரு பலகை வார்த்து, துணிச்சுருள் சுற்றி இரவில் கட்டிக்கொள்வது பழைய, நம்பகமான முறை.

கட்டும் விதத்தைக் கூடவே இருந்து செய்து காட்டினேன். முதலில் முழுப் பருத்தி சாக்ஸ். இல்லாவிட்டால் பட்டையின் ஓரம் உராய்ந்து புண்ணாகும். பிறகு குதிகாலைக் கூட்டின் பின்மூலை வரை தள்ளி உட்கார வைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கே. குதிகால் உட்காராமல் பட்டையை இழுத்தால், பாதம் மேலே நழுவிவிடும்; பார்ப்பதற்குக் கட்டின மாதிரி இருக்கும், இழுவையே இருக்காது. அதனால் கணுக்காலைப் பிடிக்கும் நடுப்பட்டையை முதலில் ஒட்டுங்கள். அது குதிகாலைப் பூட்டிவிடும். அடுத்து கெண்டைக்கால் பட்டை. கடைசியாக முன்பாதப் பட்டை. ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டின பின் விரல்களை ஆட்டிப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் உடனே பழைய நிறம் திரும்ப வேண்டும். ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ மரத்தாலோ தளர்த்துங்கள்.

முதல் நாளே ராத்திரி முழுக்கக் கட்டிக்கொண்டு தூங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டு காலை நீட்டி உட்காருங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். பிறகு படுக்கும்போது கட்டுங்கள். நடுவில் விழிப்பு வந்து தாங்கவில்லை என்றால் கழற்றிவிட்டுத் தூங்குங்கள். அடுத்த நாள் மறுபடி கட்டுங்கள். அரை ராத்திரி கட்டினாலும் வீணில்லை. பாயில் மல்லாந்து படுப்பவர்கள் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு மெல்லிய தலையணை வைத்தால் கூட்டின் குதி தரையில் அழுந்தாது.

ஒன்றை மட்டும் அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். இதைக் கட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. ராத்திரி பாத்ரூம் போவதற்கு எழுந்தால், சோம்பல்படாமல் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் எழ வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், குதிகால் வலி பெரிய விஷயமாகவே தெரியாது.

"இது நெசமாவே கேக்குமா தம்பி? எத்தன நாள் கட்டணும்?"

கேட்கும் என்று ஒரே சொல்லில் சொல்ல எனக்கு ஆசைதான். நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. 1991-இல் அமெரிக்காவில் வாப்னர், ஷார்க்கி என்ற இரு மருத்துவர்கள், வேறு எதற்கும் கட்டுப்படாத குதிகால் வலி உள்ள 14 பேருக்கு இந்த இரவுக் கட்டைக் கொடுத்தார்கள். 11 பேருக்கு நான்கு மாதத்துக்குள் வலி தீர்ந்தது.  ஆனால் கட்டாமல் விட்டவர்களோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 1999-இல் 116 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வில், பயிற்சியும் மாத்திரையும் செருப்பு மாற்றமும் எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு குணம்தான். 2014-இல் அமெரிக்க இயன்முறைச் சிகிச்சையாளர்கள் எல்லா ஆய்வுகளையும் அலசி ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். காலையின் முதல் அடியில் தொடர்ந்து வலி உள்ளவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை இரவுக் கட்டைப் பரிந்துரைக்க வேண்டும் என்றார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் எடுத்த முடிவு இது. முதல் அடி வலிதான் உங்கள் முக்கியத் தொல்லை என்றால், கட்டிப் பாருங்கள். நின்று நின்று சாயங்காலம் மட்டும் வலிப்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. கட்டை மட்டும் நம்பி மற்றதை விட்டால் பணம்தான் வீண். கட்டும் பயிற்சியும் சேர்ந்துதான் ஒரு மருந்து.

பயிற்சி என்றதும் அக்கா முகம் சுருங்கியது. கடை திறப்பது விடியற்காலை நாலரை மணிக்கு; எங்கே நேரம்? நான் சொல்லும் பயிற்சிக்குப் பாயைவிட்டு எழக்கூட வேண்டாம். பெஞ்சில் செய்து பார்த்தாரே, கட்டைவிரலை மடக்கி, அதேதான். கட்டைக் கழற்றியதும், கால் தரையில் படும் முன், உட்கார்ந்த வாக்கில் காலைத் தொடைமேல் போட்டு, ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முன்கால் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்துவிட வேண்டும். பத்துத் தடவை. சவ்வு விறைப்பதை மறுகையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதில் முதல் வேளை கட்டாயம் முதல் அடிக்கு முன்னால். 2003-இல் டிஜியோவானியும் அவருடைய குழுவினரும் நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமாகச் செய்யும் குதிநாண் நீட்டலைவிட இந்தச் சவ்வு நீட்டல் காலை வலியை நன்றாகக் குறைத்தது. ஒரு பைசா செலவில்லை. கட்டா பயிற்சியா, ஒன்றுதான் முடியும் என்று யாராவது சொன்னால், பயிற்சியைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

மாலையில் வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிகாலைத் தூக்கி, மெதுவாக இறக்கலாம். விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் சவ்வுக்கும் வேலை கிடைக்கும். டென்மார்க்கில் ரத்லெஃப் என்பவரின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறைக்கு வலு சேர்த்தது. வலி கடுமையாக இருக்கும் முதல் வாரங்களில் இது வேண்டாம்.

அக்காவின் அம்மா இதற்குள் தன் வைத்தியத்தைச் சொல்லிவிட்டார். செங்கல்லை அடுப்பில் காயவைத்து, அதன்மேல் பழுத்த எருக்கிலையைப் போட்டு, குதிகாலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். வடதமிழ்நாட்டில் பல வீடுகளில் இதைச் செய்வதுண்டு. குதிகால் வாதத்துக்கு என்று சித்த வைத்தியர்களும் சொல்வதுண்டு. இதமான சூடு தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்ச நேரம் அமர்த்தும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் உடனே கேட்டது, "அக்கா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

இருக்கிறது. ஆறேழு வருஷமாக மாத்திரை.

சர்க்கரை நோய் நாள்பட்டால் உள்ளங்காலில் உணர்ச்சி மெல்லக் குறையும். குறைவதே தெரியாது. செங்கல் சுடுகிறதா இல்லையா என்று கால் சொல்லும் என நம்பிக் குதிகாலை வைப்பார்கள், கால் சொல்லாது. தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, புண் ஆறாமல், கடைசியில் விரலையோ பாதத்தையோ இழந்தவர்கள் நம் மாவட்டத்து மருத்துவமனைகளிலும் உண்டு. இரவுக் கட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பட்டை இறுகி அழுத்தினாலும் உணர்ச்சியற்ற கால் எழுப்பிவிடாது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் முதலில் உள்ளங்கால் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே நைலான் இழை ஒன்றால் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தால் செங்கல், எருக்கிலை, வெந்நீர் மூன்றுமே வேண்டாம். கட்டும் மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும். உணர்ச்சி சரியாக இருந்தாலும், தினமும் காலையில் கட்டைக் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

உணர்ச்சியற்ற பாதத்தின் இந்த ஆபத்தை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த இடம் இங்கிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் அழுகி விழுவதற்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே காரணம் என்று காட்டினார். வேலூரிலும் அருகே கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் நடந்த அந்த வேலையிலிருந்துதான் மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு வந்தது. இன்று ஊரெல்லாம் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். உணர்ச்சியற்ற பாதத்துக்காக உருவான அந்த மெத்துச் செருப்பு, குதிகால் வலிக்காரர்களுக்கும் பெரிய ஆறுதல். வீட்டுக்குள் சிமெண்ட் தரையில் வெறுங்காலில் நடப்பதை நிறுத்தி, வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். வைத்துக்கொள்ளுங்கள். பூஜையறையில் மட்டும் கழற்றினால் போதும்.

குதிகாலில் வருவது எல்லாம் இந்த வலியாகவும் இருக்காது. இரண்டு பக்கமிருந்தும் குதிகாலைப் பிடித்து நசுக்கினால் கடுமையாக வலிக்கிறது, நடக்க நடக்க வலி கூடுகிறது என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். திடீரென்று நிறைய நடந்தவர்களுக்கு இது வரும். வயதானவர்களுக்குக் குதிகாலின் நட்டநடுவில் வலி என்றால் அங்கிருக்கும் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். அவர்களுக்குக் கட்டு பயன்படாது, மெத்துச் செருப்புதான் வேண்டும். உள்ளங்காலில் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் அது நரம்புச் சங்கதி. முப்பது வயதுக்குள் இருக்கும் பையனுக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் இறுகிக் கிடந்தால் அது வேறு மாதிரியான வாத நோயாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் மூட்டு வாத மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். இவற்றுக்கெல்லாம் கட்டை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் காத்திருப்பது ஆபத்து.

ஊசியைப் பற்றியும் கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் போட்டுக்கொண்டாராம், மறுநாளே பறந்துவிட்டதாம் வலி. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாக அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்புண்டு. கரைந்த மெத்தை திரும்ப வளராது. கட்டு, பயிற்சி, செருப்பு மூன்றையும் சில மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் தாங்கவில்லை என்றால் மட்டும் அந்தப் பேச்சு. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் இது குணமாகிவிடுகிறது.

"அப்போ இனிமே மலை சுத்தவே கூடாதா?" இதைக் கேட்டது அக்கா இல்லை, பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர். மாதம் தவறாமல் சுற்றுகிறவர்.

வலி இருக்கும் மாதங்களில் 14 கிலோமீட்டர் வேண்டாம் ஐயா, என்றேன். குணமான பிறகு நான்கு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் என்று பழகிவிட்டு, பிறகு முழுச் சுற்று. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெதுவாக வலம் வர வேண்டும் என்பது இந்த மலைக்குச் சொல்லப்பட்ட பழைய முறை. குதிகாலுக்கு அதைவிட நல்ல ஆலோசனையை நான் கேட்டதில்லை. மெதுவாக நடந்தால் ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பி அடிக்கும் விசை குறைகிறது. இன்று பாதிப்பேர் கடைசி பேருந்தைப் பிடிக்கும் வேகத்தில் சுற்றுகிறார்கள். வழியில் உள்ள எட்டு லிங்கத்திலும் கொஞ்சம் உட்கார்ந்து, ஆடுதசையை நீவி, பிறகு எழுங்கள். பகல் வெயிலில், கொதிக்கிற தாரில், வேகமாக நடப்பதை விட்டுவிடுங்கள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் குதிகாலை நைய வைத்தது மலை இல்லை. 2003-இல் ரிடில் என்பவரும் சகாக்களும் இந்த நோய் யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்தார்கள். மூன்று காரணங்கள் துலக்கமாகத் தெரிந்தன: கணுக்கால் மேல்நோக்கி மடங்காத இறுக்கம், உடல் பருமன், வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றபடியே இருப்பது. முதல் காரணத்தை இரவுக் கட்டும் பயிற்சியும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதைக் கட்டு ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி ஏழு மணி நேரம் நீட்டி வைத்த சவ்வைப் பகல் பதினான்கு மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்று நைய வைத்தால் கணக்கு எப்படி நேராகும்? அவருடைய கடையில் வாடிக்கையாளருக்கு மூன்று பெஞ்சு இருக்கிறது. அவர் உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. பாய்லர் உயரத்துக்கு ஒரு ஸ்டூலும், நிற்கும் இடத்தில் தடிமனான ரப்பர் பாயும் போடச் சொன்னேன். அவருக்கு அவரே முதலாளி, போட்டுக்கொள்வார்.

தேரடி வீதியிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைகளில் நிற்கும் பெண்களுக்கு அந்த வசதி தங்கள் கையில் இல்லை. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்கிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் வரும்போது, கட்டையும் பயிற்சியையும் சொல்லி அனுப்புவதைத் தவிர என்னால் ஆவது ஒன்றுமில்லை. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் கடையில் ஊழியருக்கு என்று எத்தனை நாற்காலி இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள்.